பைலட் படிப்பு: கேடட் திட்டமா, இங்கேயே ஃபிளையிங் ஸ்கூலா, வெளிநாடா?

செல்வி_கரூர்:
தம்பி பிளஸ் டூ முடித்துவிட்டான், இயற்பியலும் கணிதமும் எடுத்துத்தான் படித்தான், சின்ன வயதிலிருந்தே பைலட் ஆகணும் என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. விமான நிறுவனங்களே ஆளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தரும் கேடட் திட்டத்துக்கு ஒரு கோடிக்கு மேல் ஆகுமாம். இங்கேயே ஃபிளையிங் ஸ்கூலில் சேர்ந்து சி.பி.எல். (சம்பளத்துக்கு விமானம் ஓட்டுவதற்கான லைசென்ஸ்) எடுத்தால் அதைவிடக் குறைவு என்கிறார்கள். தென்னாப்பிரிக்கா போனால் சீக்கிரம் முடியும் என்று ஒரு ஏஜென்ட் சொல்லி, இந்த வாரமே முன்பணம் கேட்கிறார். அப்பா நிலத்தை அடமானம் வைக்கத் தயாராகிவிட்டார், எனக்கு அதுதான் பயம். எந்த வழி நல்லது?

வான்வழி:
வழியை அப்புறம் பார்க்கலாம் அக்கா, முதலில் மெடிக்கல், அதாவது பைலட்டுக்கான மருத்துவப் பரிசோதனை. முதல் கட்டமான கிளாஸ் 2 எடுத்து, அது கிடைத்ததும் அடுத்த கட்டமான கிளாஸ் 1-ம் முடித்துவிடுங்கள், ஏனென்றால் கிளாஸ் 1 இல்லாமல் சி.பி.எல். கிடையாது. கண்ணாடி போட்டிருந்தால் பரவாயில்லை, ஆனால் நிறக்குருடு இருப்பது பணம் கட்டிய பிறகு தெரிந்தால் நிலமும் போகும், படிப்பும் போகும். அடுத்து, டி.ஜி.சி.ஏ.வில் (லைசென்ஸ் கொடுக்கும் மத்திய அரசின் விமானத்துறை அமைப்பு) கம்ப்யூட்டர் நம்பர் என்ற தேர்வுப் பதிவு எண் வாங்கி நேவிகேஷன் (வழி கண்டறிதல்), மெட்டியராலஜி (வானிலை), ரெகுலேஷன்ஸ் (விதிமுறைகள்) தேர்வுகளை வீட்டிலிருந்தே படித்து எழுதலாம், ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் வேண்டும். இங்கே படித்தாலும் வெளிநாடு போனாலும் இந்தத் தேர்வுகள் பயன்படும்.

ரன்வே27:
இங்கே சேர்வதானால் மொத்தப் பணத்தையும் முதலிலேயே கட்டாதீர்கள். நான் படித்த இடத்தில் இருந்த செஸ்னா என்ற சின்னப் பயிற்சி விமானங்களில் ஒன்று எஞ்சினைக் கழற்றிய நிலையில் மாசக்கணக்கில் ஹேங்கரில் கிடந்தது, மற்றதற்கு ஸ்டூடண்ட்கள் வரிசை, மழைக்காலம் வந்தால் அதுவும் பறக்காது. சி.பி.எல்.லுக்கு 200 மணி நேரம் பறக்கணும், அதில் 100 மணி நேரம் பைலட் இன் கமாண்டாக, அதாவது விமானத்தின் முழுப் பொறுப்பும் நம்மிடம் இருக்கும்படி. விளம்பரத்தில் போட்டிருக்கும் மாதக் கணக்கை நம்பாமல் நேரில் போய், காலையில் எத்தனை விமானம் கிளம்புகிறது என்று எண்ணுங்கள், கேன்டீனில் பசங்களிடம் போன மாதம் எத்தனை மணி நேரம் பறந்தார்கள் என்று கேளுங்கள். ரேபரேலி பக்கம் ஃபர்சத்கஞ்சில் இக்ருவா என்ற மத்திய அரசின் பைலட் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, நுழைவுத்தேர்வு உண்டு, தம்பியை அதையும் எழுதச் சொல்லுங்கள்.

கோபி_சார்ஜா:
வெளிநாட்டில் வானிலை நன்றாக இருந்தால் வேகமாக முடியும், உண்மைதான். ஆனால் அந்த லைசென்ஸை இந்திய லைசென்ஸாக மாற்றணும், அதற்கு டி.ஜி.சி.ஏ. தேர்வு எழுதியாகணும், இதை ஏஜென்ட் சொன்னாரா? அப்புறம், சி.பி.எல். வாங்கியதும் வேலை கிடைத்துவிடாது, ஏ320 மாதிரி பெரிய பயணிகள் விமானத்துக்கு டைப் ரேட்டிங், அதாவது அந்த ரக விமானத்தை ஓட்டுவதற்கான பயிற்சி, தனியாகச் செய்யணும், அதற்கே பல லட்சம். கேடட் திட்டத்தில் பெரும்பாலும் அது உள்ளேயே வந்துவிடும், ஆளைத் தேர்ந்தெடுப்பதும் முதலிலேயே நடக்கும், அதனால்தான் விலை அதிகம். ஆனால் வேலை உறுதி என்று வாயால் சொல்வதை விடுங்கள், ஒப்பந்தத்தில் எந்த நிபந்தனையில் வேலை, பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பும் என்று வரி வரியாகப் படியுங்கள். நிலத்தை மட்டும் இப்போதைக்குத் தொடவேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்மா.

செல்வி_கரூர்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மெடிக்கல் முடியும்வரை முன்பணம் கிடையாது என்று ஏஜென்ட்டிடம் சொல்லிவிட்டேன், லைசென்ஸ் மாற்றுவது பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கிளாஸ் 1 எங்கே எடுப்பது?

வான்வழி:
பெங்களூரில் விமானப்படையின் மருத்துவப் பரிசோதனை மையம் இருக்கிறது, உங்களுக்கு அது பக்கம். தேதி கிடைக்கத் தாமதமாகும், கிளாஸ் 2 கைக்கு வந்ததும் உடனே விண்ணப்பித்துவிடுங்கள்.