டியர்டிராப் டிரெய்லருக்கு ஓரப்பட்டை: கையில் வளைவது எது, ஒழுகாமல் நிற்பது எது?

வீட்டிலேயே கட்டும் டியர்டிராப் டிரெய்லர், அதாவது காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் கண்ணீர்த்துளி வடிவப் படுக்கை வண்டி. நீளம் 2.4 மீட்டர், உயரம் 1.2 மீட்டர். பக்கச் சுவர் 18 மி.மீ. பிளைவுட், பக்கமும் கூரையும் 0.8 மி.மீ. அலுமினியத் தகடு. இரண்டு தகடும் சந்திக்கும் வளைந்த ஓரத்தை மூட வேண்டும். கேரவனுக்கென்று விற்கும் வினைல் செருகு மவுல்டிங் (திருகுத் தலையை மறைக்க, பள்ளத்தில் வினைல் நாடா செருகும் உலோக ஓரப்பட்டை) நீளமான சரக்கு என்பதால், பொருளின் விலையை விட அனுப்பும் கூலி எகிறுகிறது. மலிவாக வேறு எதைப் போட்டிருக்கிறீர்கள்? எவ்வளவு வாங்க வேண்டும், எது வளையும், எங்கே சொதப்பும் என்று விவரமாகச் சொல்லுங்கள்.

* * *

முதலில் அளவு. நூல் ஒன்றை முன்பக்கக் கீழ் விளிம்பிலிருந்து கூரை வழியாகப் பின்பக்கக் கீழ் விளிம்பு வரை ஓரத்தோடு ஒட்டிப் பிடித்து அளந்துவிடுங்கள். 2.4 × 1.2 மீட்டர் உடலுக்குப் பெரும்பாலும் 4 முதல் 4.3 மீட்டருக்குள் வரும். இரண்டு பக்கமும் சேர்த்து எட்டரை மீட்டர். வளைக்கும்போது வீணாவதற்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் ஒன்பதரை. பின்கதவுக் கீல் வரும் இடத்தில் பட்டை எப்படியும் வெட்டுப்படும். அதனால் முழு நீளத்துக்கு ஒரே துண்டாகக் கிடைக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். வெட்டி எடுத்துவரக்கூடிய நீளமே போதும், கூலியும் அங்கேதான் மிச்சம்.

பொருள்: சாதாரண அலுமினிய ஆங்கிள், அதாவது ‘எல்’ வடிவப் பட்டை. ஜன்னல், கதவு செய்யும் பட்டறைகளில் மிச்சத் துண்டாகவே கிடைக்கும். கேட்டு வாங்க வேண்டியது 6063 ரகம்; 6061-டி6 ரகம் விறைப்பு, வளைவில் அடம்பிடிக்கும். நிறம் ஏற்றிய அனோடைஸ் வேண்டாம், வளைத்தால் மேற்பூச்சு மயிரிழையாக வெடித்து வெளுத்துத் தெரியும். தடிமன் 1.5 மி.மீ.க்கு மேல் போகாதீர்கள்.

தொல்லை எங்கே என்றால், ஆங்கிளின் ஒரு கால் கூரை மேல் படுக்கிறது, இன்னொரு கால் பக்கச் சுவரில் இறங்குகிறது. கூரைக் கால் சுலபமாக வளையும். சுவர்க் கால் வளைவின் உள்பக்கம் இருப்பதால் சுருங்கியாக வேண்டும். எவ்வளவு? கால் அகலம் 20 மி.மீ. என்றால், 90 பாகை திரும்புவதற்குள் அதன் கீழ் விளிம்பு 31 மி.மீ. சுருங்க வேண்டும். வளைவு பெரிதானாலும் சிறிதானாலும் அதே 31 தான். 300 மி.மீ. ஆர வளைவில் அந்தச் சுருக்கம் 471 மி.மீ. நீளத்துக்குள் அடங்க வேண்டும். 600 ஆரத்தில் 942 மி.மீ. கிடைக்கிறது. முன்னதில் கால் அப்பளம் போல் நெளியும், பின்னதில் தட்டித் தட்டி அடக்கிவிடலாம்.

நெளியாமல் இருக்க வெட்டு விடுங்கள். ஹேக்ஸா பிளேடு ஏறத்தாழ 1 மி.மீ. தின்னும். ஆகவே கால் வட்டத்துக்கு 30 வெட்டு. 300 ஆரத்தில் ஏறத்தாழ 16 மி.மீ.க்கு ஒன்று. மூலையிலிருந்து 3 மி.மீ. தள்ளி முதலில் 2 மி.மீ. துளை போட்டு, விளிம்பிலிருந்து அந்தத் துளை வரை அறுங்கள். துளை இல்லாமல் அறுத்த இடத்தில், வண்டி ஓடி ஓடிக் குலுங்கும்போது விரிசல் மூலையைத் தாண்டி மேலே ஏறும்.

* * *

கணக்கு சரி, முடிவு சரியில்லை. முப்பது வெட்டு என்பது தண்ணீருக்கு முப்பது வாசல். பார்வைக்கும் சீப்பு மாட்டியது போல இருக்கும்.

அதே கணக்கை வைத்தே வேறு வழி பார்க்கலாம். கால் அகலம் 20க்குப் பதில் 12 மி.மீ. என்றால் சுருக்கம் 31லிருந்து 19 ஆக இறங்கிவிடுகிறது. அதனால் சமமில்லாத ஆங்கிள் கேளுங்கள்: கூரைக்கு 20 அல்லது 25, சுவருக்கு 12. அது கிடைக்காவிட்டால் 20 × 20 வாங்கி, வளைவு வரும் பகுதியில் மட்டும் சுவர்க் காலை நீளவாக்கில் 12க்கு அறுத்து ராவிவிடுங்கள். நேர்ப்பகுதியிலிருந்து வளைவுக்கு அகலம் படிப்படியாகக் குறைந்தால் வேண்டுமென்றே செய்த அழகு போலவே தெரியும்.

பிறகு இளக்க வேண்டும், அதாவது உருகாமல் சூடாக்கி மென்மையாக்க வேண்டும். வளைக்கும் பகுதியில் உலர்ந்த சோப்புக் கட்டியைத் தேயுங்கள். பிளோ டார்ச்சை மறுபக்கமாகக் காட்டி ஆட்டிக்கொண்டே இருங்கள். சோப்புக் கோடு பழுப்பாகிக் கறுத்ததும் தீயை எடுத்துவிட வேண்டும். அலுமினியம் இரும்பு போல் சிவந்து எச்சரிக்காது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொய்ந்து சொட்டும். ஒரு சாண் துண்டில் பழகிக்கொண்டு நீளத் துண்டைத் தொடுங்கள். இதையெல்லாம் வண்டிக்கு வெளியே செய்ய வேண்டும், பிளைவுட் மேல் வைத்துச் சூடு காட்டக் கூடாது.

வளைக்க அச்சு தேவை. சுவர் வெட்டிய மிச்சப் பிளைவுட்டிலேயே உடலின் வளைவை வெட்டி, ஆரத்தை மட்டும் கொஞ்சம் குறையுங்கள். கையை எடுத்ததும் ஆங்கிள் பின்வாங்கும். அச்சு வண்டியின் அளவே இருந்தால் பட்டை கூரையில் உட்காராமல் எழும்பி நிற்கும். கிளாம்ப் போட்டு ரப்பர் சுத்தியால் சுவர்க் காலைத் தட்டி அடக்குங்கள். ஒரே மூச்சில் வேண்டாம், நாலைந்து சுற்று. இறுக்கம் திரும்பினால் மறுபடி இளக்கிக்கொள்ளலாம்.

* * *

வினைல் செருகு மவுல்டிங்கை ஒரேயடியாக ஒதுக்கிவிட வேண்டாம். மெல்லிய உலோகம், கை அழுத்தத்திலேயே பெரிய வளைவுகள் அமையும், திருகுத் தலை வெளியே தெரியாது. பழைய கேரவனை உடைக்கும் இடங்களில் கழற்றியதாகவும் கிடைக்கும். ஆனால் கழற்றிய பட்டையில் துளைகள் ஏற்கெனவே இருக்கும். அவை உங்கள் கட்டைச் சட்டத்தில் விழுகின்றனவா என்று பாருங்கள். பழைய வினைலை எறிந்துவிட்டு அதை மட்டும் புதிதாக வாங்குங்கள், அது சுருளாக வரும், அனுப்பும் கூலி குறைவு.

வினைல் விஷயத்தில் எல்லாரும் செய்யும் ஒரே தவறு, இழுத்துப் பிடித்துச் செருகுவது. இழுத்த வினைல் ஒரு கோடைக்குள் பின்வாங்கி, முனையில் விரல் அகலம் திருகு வெளியே தெரியும். வெந்நீரில் ஊறவைத்து, இழுக்காமல் தள்ளித் தள்ளிச் செருகி, இரு முனையிலும் 25 மி.மீ. கூடுதலாக விட்டு மடித்து அடியில் செருகுங்கள்.

மேசை ஓரத்துக்குப் போடும் டி வடிவ பிளாஸ்டிக் பட்டையைப் பற்றியும் யாராவது கேட்பீர்கள். மலிவு, நன்றாக வளையும், ஆனால் கூரை ஓரத்துக்கு உதவாது. அது பிளைவுட்டின் வெட்டு முகத்தை மட்டும்தான் மூடும், இரு தகடும் சேரும் இடுக்கை மூடாது. கதவு விளிம்புக்குப் போடுங்கள்.

உலோகமே வேண்டாம் என்றால், ஓரத்தில் தகட்டை ஒரு விரற்கிடை குறைத்து நிறுத்தி, பிளைவுட் ஓரத்தை 6 மி.மீ. ஆரத்துக்கு உருட்டி, 50 அல்லது 75 மி.மீ. கண்ணாடி நார் நாடாவை எபாக்ஸியில் ஒட்டலாம் என்று சிலர் செய்கிறார்கள். கூரை முழுவதும் வெறும் பிளைவுட்டாக இருந்து மொத்தமாக நார் போர்த்தினால் அருமையான வேலை. தகடும் நாரும் கலந்த ஓரம் மட்டும் வேண்டாம். அலுமினியம் வெயிலில் நகர நகர எபாக்ஸி பெயர்ந்துவிடும். கூர்மையான மூலையில் நார் மடங்காது, அடியில் காற்று நிற்கும் என்பதையும் கவனியுங்கள்.

* * *

பட்டை எதுவானாலும் தண்ணீரைத் தடுப்பது பட்டை அல்ல, அதன் அடியில் இருக்கும் பியூட்டைல் டேப், அதாவது பிசுபிசுப்பான ரப்பர் ஒட்டு நாடா. 3 மி.மீ. தடிமன், 20 மி.மீ. அகலம். அது கூரைக்கால் முழுக்கப் படிய வேண்டும். இழுக்காமல் ஒட்டி, தாளை அங்குலம் அங்குலமாக உரித்தபடி பட்டையை உட்கார வைக்க வேண்டும்.

சிலிக்கானை அங்கே கொண்டுபோகாதீர்கள். புளித்த வாடை அடிக்கும் ரகம் உலோகத்தை அரிக்கும். எந்த ரகமாக இருந்தாலும், ஒருமுறை பட்ட இடத்தில் பிறகு பெயின்டும் ஒட்டாது, வேறு சீலன்டும் ஒட்டாது; பழுது பார்க்க வழி அடைந்துவிடும்.

திருகு 304 ஸ்டெயின்லெஸ், 8ஆம் நம்பர், 19 மி.மீ. நீளம், தட்டைத் தலை அல்ல, குமிழ்த் தலை. பக்கச் சுவர்க் கால் வழியாகப் போடுங்கள். கூரைக் கால் வழியாக இறக்கினால் அது 18 மி.மீ. பிளைவுட்டின் வெட்டு முகத்தில் ஏறும். அடுக்குகள் பிளந்து பிடிப்பு போகும், நீர் இறங்கவும் நேர்வழி. பிளைவுட்டில் 3 மி.மீ. முன்துளை, பட்டையில் 5 மி.மீ. துளை. பட்டைத் துளை பெரிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு: 3 மீட்டர் அலுமினியம் 40 பாகை சூடேறினால் கிட்டத்தட்ட 2.8 மி.மீ. நீளும். இடம் இல்லாவிட்டால் இரண்டு திருகுகளுக்கு நடுவே பட்டை உப்பும். இரு துண்டு சேரும் இடத்திலும் 2 மி.மீ. இடைவெளி விட்டு, அடியில் ஒரு சின்னத் தகட்டுத் துண்டும் பியூட்டைலும் வையுங்கள். அந்த இணைப்பு கூரை உச்சியில் வரக் கூடாது, சரிவில் வரட்டும்.

நேரான பகுதியில் 100 மி.மீ.க்கு ஒன்று, வளைவில் 75க்கு ஒன்று. இரு பக்கத்துக்கும் 120 திருகு எடுத்து வையுங்கள். முன்பக்கத்தில் தொடங்கி ஒரே திசையில் போங்கள். இரு முனையிலிருந்தும் வந்தால் நடுவில் பட்டை எழும்பும். முதல் நாள் முழு இறுக்கம் வேண்டாம். ஒரு நாள் வெயிலில் நிறுத்தினால் பியூட்டைல் இளகிப் பிதுங்கும். அப்போது ஒரு சுற்று, அடுத்த வாரம் இன்னொரு சுற்று. பிதுங்கியதைப் பிளாஸ்டிக் தகட்டால் வழித்து, டர்பென்டைன் தொட்ட துணியால் துடைத்துவிடலாம். திருகுவதற்கு முன் பிளைவுட் வெட்டு முகத்துக்கு எபாக்ஸி இரண்டு கை பூசியிருக்க வேண்டும். சுவர்க் காலின் கீழ் விளிம்பில் மட்டும் சீலன்ட் பூசாதீர்கள், உள்ளே போன நீர் வெளியேற அது ஒன்றுதான் வழி.

* * *

நன்றி. 25 × 12 ஆங்கிள், இளக்கி வளைப்பது என்று முடிவு. ஒன்று மட்டும்: பின்கதவின் பக்க ஓரத்துக்கும் இதே பட்டையா?

* * *

அதே பட்டைதான், ஆனால் சுவர்க் கால் கதவோடு ஒட்டியிருக்கக் கூடாது. அது உடலின் பக்கச் சுவருக்கு வெளியே, 3 மி.மீ. இடைவெளியில் தொங்க வேண்டும். உள்ளே உடல் ஓரத்தில் குமிழ் வடிவ ரப்பர் சீல் ஒட்டிக்கொள்ளுங்கள். கதவை மூடி, சீல் பாதி நசுங்கும் நிலையில் கிளாம்ப் போட்டு, அந்த நிலையில் துளைக்கு அடையாளம் வையுங்கள். இங்கே மட்டும் திருகு கூரைக் கால் வழியாகத்தான் போக முடியும். கதவின் விலாச் சட்டம் குறைந்தது 25 மி.மீ. அகலம் இருக்கட்டும், ஒவ்வொரு துளையிலும் ஒரு சிட்டிகை பியூட்டைல் உருட்டி வைத்துத் திருகுங்கள். கதவின் வளைவு பின்வாங்கி மாறுவது வழக்கம் என்பதால், கதவை மாட்டி ஒரு வாரம் நிறுத்திவிட்டு அதன் பிறகு இந்த ஆங்கிளை வளைத்தால் போதும்.