பாதிக்குக் கீழே போனால் நைட்ரஜன் கேனில் பிரஷர் ஏறுவதில்லை. என்ன செய்வது?

தாராபுரம்_சினைஊசி

வணக்கமுங்க. 47 லிட்டர் கேன்ல திரவ நைட்ரஜன் மட்டும் வெச்சிருக்கேன், சினை ஊசிக்கான விந்துக் குச்சி எதுவும் அதுல இல்லீங்க. அதுல இருந்து 3 லிட்டர் கைக்கேனுக்கு மாத்தறதுக்கு டிரான்ஸ்ஃபர் டிவைஸ் இருக்குது: திரவத்துக்குள்ள எறங்கற டிப் டியூப், கழுத்தை அடைக்கற ரப்பர் புஷ், கிளாம்ப், கேஸை வெளிய விடற வென்ட் வால்வு, சேஃப்டி வால்வு, 4 பார் வரைக்கும் காட்டற பிரஷர் கேஜ், 4 அடி ஸ்டீல் ஹோஸ். கேன் நெறைய இருந்தா அஞ்சு நிமிசத்துல திரவம் வந்துருது. பாதிக்குக் கீழ எறங்கிட்டா அரை மணி நேரம் ஆனாலும் ஹோஸ் முனையில வெறும் புகைதான். கழுத்துல ஒரே பக்கமா வெள்ளையாப் பனி புடிக்குது. புஷ்ஷைக் கழட்டிப்போட்டு, கார்க்கை இறுக்கி அடிச்சு செம்புக் குழாய் சொருகச் சொல்றாங்க. பண்ணலாமுங்களா?

பெருந்துறை_கிரையோ

கார்க் மட்டும் வேண்டாமுங்க. ஒரு லிட்டர் திரவம் ஆவியானா 700 லிட்டர் கேஸ். இந்தக் கேன் வாய் திறந்திருக்கறதுக்குன்னே செஞ்சது, சிலிண்டர் மாதிரி அழுத்தம் தாங்காது. சேஃப்டி வால்வு இல்லாத எதையும் அதோட வாய்ல இறுக்கக் கூடாது. கார்க் முகத்துல பாயும், இல்லாட்டிக் கேன் வெடிக்கும்.

உங்க கேள்விக்கு வர்றேன். திரவ நைட்ரஜன் எடை லிட்டருக்கு 0.8 கிலோதான். கேனுக்குள்ள திரவ மட்டத்துல இருந்து 70 செ.மீ. மேல தூக்கறதுக்கு 0.055 பார் போதும். 4 பார் கேஜ்ல அது முள்ளோட தடிமனுக்குள்ளயே அடங்கிரும். அதனால முள் அசையலைங்கறதை வெச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. 0 - 1 பார் கேஜ் வாங்கிப் போடுங்க.

அந்தக் கொஞ்சம் அழுத்தமும் ஏன் நிக்கலைன்னா, மூடி போட்டு வெச்ச நல்ல கேன்ல நாளைக்கு 0.3 லிட்டர் வாக்குல ஆவியாகுதுன்னு வெச்சுக்குங்க. அது மணிக்கு 9 லிட்டர் கேஸ்தான். டிவைஸ் மாட்டினா குழாய் வழியாச் சூடு எறங்கிக் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். மொதல்ல வேகமா அழுத்தம் ஏத்தறது சூடான டிப் டியூப் திரவத்துல எறங்கறப்ப வர்ற கொதிப்பு. கேன் நெறைஞ்சிருந்தா மேல காலி இடம் கம்மி, அந்தக் கொதிப்பே வேலையை முடிச்சிரும். பாதியானா 24 லிட்டர் காலி இடத்தை நெரப்பணும், நனையற குழாயும் நீளம் கம்மி. அப்ப மயிரிழை ஓட்டை இருந்தாக்கூட வர்ற கேஸ் எல்லாம் வெளிய போயிரும். நெறைய இருக்கறப்ப அதே ஓட்டை தெரியாது.

ஒரு பக்கப் பனிதான் ஓட்டை இருக்கற எடம். ரப்பர் புஷ்ஷைக் கழட்டி, ஜில்லிப்பு முழுசாப் போன பொறவு வெறும் கையில வளைச்சு வெளிச்சத்துல பாருங்க. வெரல் நகத்தால அழுத்தினா குழி விழுந்து திரும்பி வரணும். கண்ணாடி மாதிரி வெறைச்சு, ஓரத்துல மெல்லிசாக் கோடு ஓடியிருந்தா அதுதான் கோளாறு.

நாமக்கல்_கால்நடை

பெருந்துறைக்காரர் சொன்னது சரி. கூட ரெண்டு சேர்த்துக்குங்க. புஷ் ஒழுகுதுன்னு கிளாம்பை ஸ்பேனர் போட்டு முறுக்காதீங்க. அலுமினியக் கேன்ல கழுத்து ஃபைபர் குழாய், பசையில ஒட்டினது. அது விட்டுப்போச்சுன்னா கேனோட ரெண்டு சுவருக்கு நடுவுல இருக்கற வேக்குவம் போயிரும், கேன் அதோட முடிஞ்சுது. கையால இறுக்கினது போதும். கிரீஸ், எண்ணெய் எதுவும் தடவக் கூடாது. திரெட்ல ஒழுகினா டெஃப்லான் டேப் சுத்துங்க.

வேலை செய்யறப்ப மட்டும் கழுத்துல பனி வந்தா ஒழுகல். மூடி போட்டு ஓரமா வெச்சிருக்கறப்பவே தோள்லயோ வயித்துலயோ வேர்த்தா, பனி புடிச்சா, வேக்குவம் போச்சுன்னு அர்த்தம். கைக்கேன்ல அப்படித் தெரிஞ்சா அன்னைக்கே குச்சியை வேற கேனுக்கு மாத்திருங்க. குச்சி -130 டிகிரிக்கு மேல ஏறினா உள்ள பனிப் படிகம் பெருக்க ஆரம்பிச்சு விந்தணு கெடத் தொடங்கும். மறுபடி நைட்ரஜன்ல முக்கினாலும் அது திரும்பாது.

மட்டம் பாக்க மர ஸ்கேல் விட்டு 10 செகண்ட் வெச்சு எடுத்து, காத்துல ஆட்டினா பனிக்கோடு தெரியும். உள்ள ஓட்டையா இருக்கற பைப்பை விடாதீங்க, மேல் வாயில இருந்து திரவம் பீச்சும்.

தாராபுரம்_சினைஊசி

புஷ்ல நீளவாக்குல வெடிப்பு இருந்துச்சுங்க, பனி புடிச்ச அதே பக்கம். புதுசு போட்டேன், சின்னக் கேஜும் மாட்டினேன். இப்பப் பாதிக் கேன்லயே 0.1 பார் நிக்குது. ஆனா திரவம் விட்டு விட்டுத் துப்புது. நேத்து சுத்தமா அடைச்சுக்கிச்சு, கேஜ் 0.3 காட்டுது, ஒண்ணும் வரலீங்க.

பெருந்துறை_கிரையோ

0.3 இருந்தும் வரலைன்னா டிப் டியூப்புக்குள்ள பனிக்கட்டி. போன தடவை ஜில்லுன்னு இருக்கறப்பவே உருவி வெச்சிருப்பீங்க, ஈரக்காத்து உள்ள போய் ஒறைஞ்சிருக்கும். ஐப்பசி கார்த்திகையில இது அடிக்கடி நடக்கும். கம்பி விட்டுக் குத்தாதீங்க, தீயும் காட்டாதீங்க. வென்ட்டைத் தொறந்து கேஜ் பூச்சியத்துக்கு வந்த பொறவு கிளாம்பைத் தளர்த்தி, டியூப்பை எடுத்து வெயில்ல தலைகீழா நிறுத்திக் காய வைங்க. அடுத்த தடவை வரைக்கும் ரெண்டு முனைக்கும் மூடி போடுங்க.

துப்பறது ஹோஸ் சூடா இருக்கறதால. வால்வைக் கால்வாசி தொறந்து ஒண்ணு ரெண்டு நிமிசம் கேஸை விட்டுக் குளிர வைங்க, பொறவு முழுசாத் தொறங்க. முனையில வெண்கல வடிமுனை மாட்டினா கேஸ் பக்கவாட்டுல போயிரும், திரவம் அமைதியா எறங்கும். ஹோஸோட ரெண்டு முனையிலயும் வால்வு வைக்காதீங்க. நடுவுல மாட்டின திரவம் ஹோஸைக் கிழிச்சிரும்.

நாமக்கல்_கால்நடை

கைக்கேன் காலியா, காய்ஞ்சு கெடந்ததுன்னா மொதல்ல அரை லிட்டர் விட்டுக் கொதி அடங்கற வரைக்கும் நிறுத்துங்க. அப்பறம் மெதுவா நெரப்பி, ஒரு நாள் கழிச்சு மட்டம் பாத்துட்டுக் குச்சி போடுங்க. தொளதொளன்னு இருக்கற தோல் கையுறை, முகத்துக்கு முழுக் கண்ணாடி மறைப்பு. நூல் கையுறை நனைஞ்சா தோலோட ஒட்டிக்கும். பேண்ட்டை பூட்ஸுக்குள்ள சொருகாம வெளிய விடுங்க.

எடம் எதுங்க? 10க்கு 10 அறை, 10 அடி ஒயரம்னா 28 கன மீட்டர் காத்து. 5 லிட்டர் சிந்தினா 3.5 கன மீட்டர் நைட்ரஜன் சேரும், ஆக்சிஜன் 20.9ல இருந்து 18 சதவீதத்துக்கு வந்துரும். 19.5க்குக் கீழயே ஆபத்து. வாசனை இருக்காது, மூச்சு முட்டறதும் தெரியாது.

தாராபுரம்_சினைஊசி

இதுவரைக்கும் தீவன ரூம்லதான், கதவைச் சாத்திட்டுங்க. இனிமேல் வெளித் திண்ணையில வெச்சுக்கறேன். டியூப் இப்ப வெயில்ல நிக்குது.