டெக்சாஸில் வீடு சேதமடைந்தால்: பப்ளிக் அட்ஜஸ்டரை அமர்த்துவதற்கு முன்

டெக்சாஸுக்குக் குடிவந்து முதல் வீட்டை வாங்கியிருக்கும் நம்மவர்கள் பலருக்கு, பெரிய ஆலங்கட்டி மழை பெய்த மறுநாளே வாசலில் பப்ளிக் அட்ஜஸ்டர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் ஒப்பந்தத் தாளுடன் வந்து நிற்பது புதிய அனுபவமாக இருக்கும். "இன்ஷூரன்ஸ் விவகாரத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்பார்கள். அந்தக் கையெழுத்தை அன்றே போட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

ஊரில் வண்டிக்கோ கடைக்கோ காப்பீடு கோரியபோது வந்த சர்வேயரைப் பார்த்துப் பழகிய நாம், இங்கு சேதத்தை மதிப்பிட வரும் அட்ஜஸ்டரையும் இரு தரப்புக்கும் பொதுவானவர் என்று எண்ணிக்கொள்கிறோம். உண்மை அப்படியன்று. அட்ஜஸ்டர்கள் மூவகை. ஒருவர் காப்பீட்டு நிறுவனத்தின் சம்பளக்காரர். இன்னொருவர் 'இண்டிபெண்டென்ட்' என்று அழைக்கப்பட்டாலும் அந்த நிறுவனமே கூலி கொடுத்து அனுப்புபவர். மூன்றாமவரான பப்ளிக் அட்ஜஸ்டர் மட்டுமே வீட்டுக்காரரால் அமர்த்தப்பட்டு, வீட்டுக்காரருக்காகச் சேதத்தை அளந்து, பாலிசியைப் படித்து, நிறுவனத்துடன் பேரம் பேசுபவர். பெயரில் 'பப்ளிக்' இருப்பதால் அவர் அரசு ஊழியர் ஆகிவிடமாட்டார். மாநிலக் காப்பீட்டுத் துறையின் உரிமம் பெற்றுத் தொழில் செய்பவர், அவ்வளவுதான்.

அவர் செய்யும் வேலை எத்தகையது என்பதை நான் 2021 பிப்ரவரியில் நேரில் கண்டேன். மாநிலமே உறைந்துபோன அந்த வாரத்தில் எங்கள் வீட்டு மாடிக் குழாய் வெடித்து, கூரைப்பலகை ஊறித் தொங்கி, சமையலறை வரை தண்ணீர் இறங்கியது. நிறுவனத்தின் அட்ஜஸ்டர் வீடியோ அழைப்பிலேயே பார்த்து, இரண்டு அறைகளின் கூரைக்கும் கார்ப்பெட்டுக்குமாக 14,200 டாலர் என மதிப்பிட்டார். மூன்று வாரங்கள் கழித்து நாங்கள் அமர்த்திய பப்ளிக் அட்ஜஸ்டர், இரண்டு ஊசிமுனைகள் கொண்ட ஈரமானியைச் சுவரில் குத்திக் குத்திப் பார்த்தபடியே அறை அறையாக நடந்தார். சமையலறை அலமாரியின் அடிப்பலகையை நெம்பி எடுத்தபோது உள்ளே ஷீட்ராக் எனும் ஜிப்சம் சுவர்ப்பலகை கருத்துப் பூஞ்சை பிடித்திருந்தது. அலமாரிகள், அவற்றின் அடியில் உப்பிப்போன மரத்தளம், சுவருக்குள் நனைந்த இன்சுலேஷன் எனும் வெப்பத்தடுப்புப் பொருள் ஆகிய எவையுமே முதல் மதிப்பீட்டில் இல்லை. அவர் வரிவரியாகத் தயாரித்த பட்டியலும் படங்களும் போன பின்னர் நிறுவனம் மொத்தம் 41,000 டாலருக்கு ஒப்புக்கொண்டது. கூடுதலாகக் கிடைத்த தொகையில் மட்டும் 10 சதவீதம் என்று நாங்கள் முன்பே எழுதி வாங்கியிருந்ததால், அவருக்குச் சென்றது 2,680 டாலர்.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். டெக்சாஸ் சட்டப்படி அவரது கமிஷன், கிடைக்கும் இழப்பீட்டில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால், நிறுவனம் ஏற்கெனவே தர ஒப்புக்கொண்ட தொகையிலும் அவருக்குப் பங்கு போய்விடலாம். ஆகவே கிளெய்மை, அதாவது இழப்பீட்டுக் கோரிக்கையை, முதலில் நீங்களே பதிவு செய்து, நிறுவனத்தின் மதிப்பீட்டைக் கையில் வாங்கிய பிறகு அவரை அழைப்பதே நல்லது. சேதம் சிறியதாக இருந்தால் அழைக்கவே வேண்டியதில்லை: 4,00,000 டாலர் காப்பீடுள்ள வீட்டில் காற்று, ஆலங்கட்டிக்கான டிடக்டிபிள் (சேதத்தில் நீங்களே ஏற்க வேண்டிய பங்கு) 2 சதவீதம் என்றால் முதல் 8,000 டாலர் உங்கள் செலவுதான். 11,000 டாலர் கூரை வேலைக்குக் கையில் வரும் மூவாயிரத்தில் கமிஷனும் கொடுத்தால் மிஞ்சுவது சொற்பம். தீ விபத்து, பல அறைகளில் நீர்ச் சேதம், நிறுவனம் மறுத்த அல்லது மிகக் குறைத்து மதிப்பிட்ட கிளெய்ம் ஆகியவற்றில்தான் அவரது உழைப்பு தன் விலையை ஈட்டித்தரும்.

ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும். கையெழுத்திட்ட 72 மணி நேரத்துக்குள் எழுத்துமூலம் அறிவித்து அதை ரத்து செய்யலாம். உரிமம் உண்மையானதா என்பதை மாநிலக் காப்பீட்டுத் துறையின் இணையதளத்தில் சரிபார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. பப்ளிக் அட்ஜஸ்டர் தாம் கையாளும் வீட்டின் பழுதுவேலையில் பங்கெடுக்கக் கூடாது; அதேபோல் உங்கள் கூரையை மாற்றும் ஒப்பந்ததாரர், அந்தக் கிளெய்முக்கு உங்கள் சார்பில் அட்ஜஸ்டராகப் பேசவும் கூடாது. "டிடக்டிபிளை நாங்களே ஏற்றுக்கொள்கிறோம்" என்று ஒப்பந்ததாரர் சொன்னால் அவரை அனுப்பிவிடுங்கள். 2019 முதல் அது இங்கே வெளிப்படையாகத் தடைசெய்யப்பட்ட செயல்.

பப்ளிக் அட்ஜஸ்டர் வழக்கறிஞர் அல்லர் என்பதையும் நினைவில் வையுங்கள். நீதிமன்றம் செல்ல வேண்டிய பிணக்கை அவரால் நடத்த முடியாது. வெளியிலிருந்து புகுந்த வெள்ளம் சாதாரண வீட்டுப் பாலிசியில் அடங்காது என்பதால், தனி வெள்ளக் காப்பீடு இல்லாதவருக்கு எந்த அட்ஜஸ்டராலும் அந்தப் பணத்தைப் பெற்றுத்தர இயலாது.

சேதம் நேர்ந்த அன்று தண்ணீரை நிறுத்துவதும், கூரையில் தார்ப்பாய் போடுவதும், மேலும் கெடாமல் காப்பதும் பாலிசிப்படி உங்கள் கடமை. அவற்றுக்கான ரசீதுகளைச் சேர்த்துவையுங்கள். நனைந்த பொருட்களை வெளியே எறியுமுன் ஒவ்வோர் அறையையும் நான்கு மூலையிலிருந்தும் படமெடுங்கள். கார்ப்பெட்டையும் மரத்தளத்தையும் அகற்ற நேர்ந்தால் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை வெட்டி, கராஜில் பத்திரமாக வைத்திருங்கள்.