லிங்கனுக்கே தெரியாத லிங்கனின் முன்னோர்கள்: பிறகு எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

மலர்விழி (ரெடிங், பென்சில்வேனியா) கேட்டது:

போன வாரம் பிள்ளைகளை டேனியல் பூன் பிறந்த இடத்துக்குக் கூட்டிப்போயிருந்தோம். கென்டக்கிக்கு மலைவழி அமைத்த அதே பூன். 1734இல் அவர் பிறந்த அந்த இடம் இப்போது அருங்காட்சியகம். அங்கே பேசிக்கொண்டிருந்த ஒருவர், ஆபிரகாம் லிங்கனின் எள்ளுத்தாத்தா மொர்தெகாய் லிங்கன் 1733இல் கட்டிய கல்வீடும் இதே பகுதியில்தான் இருக்கிறது என்றார். எங்களுக்கு இது புதுச் செய்தி.

வீட்டுக்கு வந்து படித்தபோது ஒன்று உறுத்தியது. 1859 டிசம்பரில் லிங்கன் தன் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதிக் கொடுத்திருக்கிறார். தாத்தா வர்ஜீனியாவிலிருந்து கென்டக்கி போனவர், அவருடைய முன்னோர் இந்த பெர்க்ஸ் மாவட்டத்திலிருந்து வர்ஜீனியா போனவர்கள் என்பது வரை சொல்கிறார். அதற்கு மேல், நியூ இங்கிலாந்தில் இதே பெயரோடு இருந்த குடும்பத்தோடு சேர்த்துப் பார்க்க முயன்றதில் ஏனோக்கு, லேவி, மொர்தெகாய், சாலொமோன், ஆபிரகாம் என்று பெயர்கள் ஒத்துப்போனதைத் தவிர உறுதியாக எதுவும் கிடைக்கவில்லை என்கிறார். இன்றைய புத்தகங்களிலோ 1637இல் இங்கிலாந்திலிருந்து வந்த சாமுவேல் லிங்கன் வரை கோடு போட்டுக் காட்டுகிறார்கள். அவருக்கே கிடைக்காதது பின்னால் வந்தவர்களுக்கு எப்படிக் கிடைத்தது? பெயர் ஒற்றுமையை வைத்தே ஒட்டிவிட்டார்களா? என் மகள் இதைப் பள்ளிக் கட்டுரைக்கு எடுத்திருக்கிறாள். ஆதாரமில்லாததை அவள் எழுதக் கூடாது என்பதற்காகத்தான் கேட்கிறேன்.

கதிரவன்:

பெயரை மட்டும் வைத்து ஒட்டியிருந்தால் நீங்கள் சந்தேகப்படுவது சரிதான். சாமுவேல் குடியேறிய மாசசூசெட்ஸ் ஹிங்ஹாம் ஊரில் அந்தக் காலத்தில் தாமஸ் லிங்கன் என்ற பெயரில் மட்டும் நான்கு பேர். ஊர்க்காரர்கள் தொழிலைச் சேர்த்துச் சொல்லித்தான் பிரித்தறிந்தார்கள்: நெசவுக்காரர், மாவு மில்காரர், பீப்பாய் செய்பவர், விவசாயி. இதில் நெசவுக்காரர் தாமஸ்தான் சாமுவேலின் அண்ணன். சாமுவேலும் நெசவு பழகும் பையனாகத்தான் ஒரு முதலாளியோடு கப்பலேறி வந்தார். தொழிலைக் கவனிக்காமல் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் வேறு குடும்பத்துக்குள் போய் நிற்போம்.

பழைய பத்திரம்:

மலர்விழி அம்மா, நான் சார்பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். லிங்கன் குடும்பத்தில் எனக்கு ஆர்வம் வந்ததே அவர்கள் நிலப் பத்திரங்களால்தான். உங்கள் கேள்விக்குப் பதிலும் அங்கேதான் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ் என்ற ஒன்றே இல்லாத காலம் அது. ஆனால் நிலம் கைமாறும்போது மட்டும் யார் மகன், யார் மனைவி, எந்த வழியில் வந்த சொத்து என்று எழுதியே ஆக வேண்டும்.

முதலில் லிங்கனுக்கு ஏன் தெரியவில்லை என்று பார்த்துவிடுவோம். 1848இல் அவர் காங்கிரஸ் உறுப்பினராக இருந்தபோது ஹிங்ஹாமிலிருந்து சாலொமோன் லிங்கன் என்பவர் கடிதம் எழுதி விசாரித்தார். அப்பா சிறுவயதிலேயே தந்தையை இழந்து, புது நாட்டில் வறுமையில், படிப்பில்லாமல் வளர்ந்ததால்தான் குடும்ப வரலாறு தனக்கு இவ்வளவு குறைவாகத் தெரிகிறது என்று பதில் எழுதினார். அதோடு விடவில்லை. வர்ஜீனியாவில் இருந்த டேவிட் லிங்கன் என்ற உறவினருக்கும் கடிதம் போட்டு விசாரித்தார். நாட்டு வேலைக்கு நடுவே தன் வேரைத் தேடிய அந்த மனிதரை நினைத்தால் எனக்கு மனசு நெகிழும்.

இனி உங்கள் ஊர் மொர்தெகாய். ஹிங்ஹாமில் 1686இல் பிறந்தவர். கொல்லராக இருந்த அப்பாவின் பெயரும் மொர்தெகாய்தான்; அவர் சாமுவேலின் மகன். மகன் மொர்தெகாய் தன் தம்பி ஆபிரகாமோடு நியூ ஜெர்சி போனார், அங்கே ஹன்னா சால்ட்டரைக் கட்டினார், பிறகு இரும்பு உலைத் தொழிலுக்காக பென்சில்வேனியா வந்தார். ஹிங்ஹாம் பக்கத்துச் சாட்சி அப்பாவின் உயில். வடக்கே இருந்தபடியே, 1727இல் எழுதிய உயிலில், ஊரைவிட்டுப் போன இந்த இரண்டு மகன்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறார்.

அடுத்தது 1736இல் மகன் மொர்தெகாய் எழுதிய உயில். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத உயில் இது. ஹன்னா இறந்து, மேரி என்ற இரண்டாம் மனைவி அப்போது கர்ப்பமாக இருக்கிறார். பிறக்கப்போவது ஆணாக இருந்தால் என்ன பங்கு என்பதையும் சேர்த்தே எழுதுகிறார். சொத்தைப் பார்த்துக்கொள்ள வைத்த இருவரில் ஒருவர் பக்கத்து வீட்டு ஜார்ஜ் பூன். இரண்டாம் தாரத்துப் பிள்ளைகளுக்குப் பென்சில்வேனியா நிலம். முதல் தாரத்து மகன் ஜானுக்கு நியூ ஜெர்சியில் 300 ஏக்கர். இந்த 300 ஏக்கர்தான் நமக்கு முக்கியம். 1748இல் பென்சில்வேனியாவிலிருந்துகொண்டே ஜான் அதை விற்கிறார். அந்தக் கிரயப் பத்திரத்தில் தன்னை மொர்தெகாயின் மகன் என்று எழுதியிருக்கிறது. அப்பாவின் உயிலில் வந்த நிலம், மகன் விற்ற நிலம், இரண்டும் ஒன்று. சாமுவேல் ஷாக்ஃபோர்டு என்ற ஆராய்ச்சியாளர் 1880களில் இவற்றைத் தேடிப் பொருத்திக் காட்டினார். லிங்கன் சுடப்பட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அந்த ஜான்தான் 1768இல் வர்ஜீனியாவில் லின்வில் ஓடைக் கரைக்குக் குடிபோனவர். 1773இல் மகன்கள் ஆபிரகாம், ஐசக் இருவருக்கும் பெயருக்கு ஐந்து ஷில்லிங் போட்டு நிலம் எழுதிக் கொடுத்தார். அந்தத் தொகையைப் பார்த்ததுமே அது கிரயம் இல்லை, அப்பா பிள்ளைக்குக் கொடுத்தது என்று யாருக்கும் புரியும். லிங்கனின் தாத்தாவான இந்த ஆபிரகாம் பிறகு தன் பங்கை விற்றுவிட்டு கென்டக்கி கிளம்பினார். அந்த விற்பனையில் மனைவிக்கு உள்ள பாத்தியதையை அவரும் விட்டுக்கொடுக்க வேண்டும். அதனால்தான் பத்சேபா என்ற பெயர் நமக்குக் கிடைத்தது. எத்தனையோ குடும்பங்களில் பெண்ணின் பெயர் இப்படி ஒரு பத்திரத்தில் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது.

மலர்விழி:

ஐயா, ரொம்ப நன்றி. மகளை உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். அவள் ஒன்று கேட்கிறாள்: தாத்தா 1784இல் செவ்விந்தியர்களால் கொல்லப்பட்டார் என்று லிங்கன் சொல்கிறார், ஆனால் சில புத்தகங்களில் 1786 என்று இருக்கிறதே, எது சரி?

பழைய பத்திரம்:

பேத்திக்கு என் பாராட்டு. 1786தான். கென்டக்கியில் லாங் ரன் ஓடைக்கருகே அவருக்கு 400 ஏக்கர் அளந்த குறிப்பு இருக்கிறது, தேதி 1785 மே 7. நில அளவைக்காரரோடு எல்லைக்குக் குறி போட்டவராக அவர் பெயரே வருகிறது. 1784இல் இறந்தவர் 1785இல் எல்லை காட்டியிருக்க முடியாது. அதே குறிப்பில் இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அவர் பெயரை ‘லிங்க்ஹார்ன்’ என்று எழுதியிருக்கிறார்கள். நிலம் அளக்கச் சங்கிலி பிடித்த உறவினர் இருவருக்கும் ‘லிங்கன்’. ஒரே தாளில், ஒரே குடும்பத்துக்கு இரண்டு எழுத்து. கணினியில் தேடும்போது ஒரே எழுத்தில் தேடினால் ஆள் தப்பிவிடுவார்.

அந்தத் தாக்குதலின்போது லிங்கனின் அப்பா தாமஸுக்கு எட்டு வயது. மூத்த அண்ணன் மொர்தெகாய்க்குச் சொத்து போனது. தாமஸ் கூலிவேலை செய்து வளர்ந்தார். பிறகு கென்டக்கியில் அவர் வாங்கிய நிலங்களில் உரிமைத் தகராறு. அதுவும், ஓரளவு அடிமை முறையும்தான் 1816இல் இந்தியானாவுக்குக் கிளம்பக் காரணம் என்று லிங்கனே எழுதியிருக்கிறார். 1830இல் மறுபடி இல்லினாய்.

நூலகத்துப் பெண்:

ஆண்வழிக் கோட்டுக்கு நிலம் உதவுகிறது, சரி. அம்மா வழிக்கு? லிங்கனின் அம்மா நான்சி ஹாங்க்ஸ் யார் மகள் என்பதில் நூறு வருஷத்துக்கு மேல் வாக்குவாதம் நடந்தது. நிலம் இல்லாத பெண்களுக்குக் காகிதமும் இல்லை. 2015இல் தாய்வழி மரபணுவை ஒப்பிட்ட ஆய்வுதான், அவர் லூசி ஹாங்க்ஸின் மகள் என்பதற்கு வலு சேர்த்தது.

இன்னொன்றையும் உங்கள் மகள் எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அந்த லின்வில் ஓடை லிங்கன்களின் வீடுகளில் அடிமைகள் இருந்தார்கள். 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளை முதலாளியின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் என்று மட்டும் எழுதினார்கள், பெயர் கிடையாது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று வேர் தேடினால் பெரும்பாலும், அவர்கள் பெயர்கள் முதலில் எழுதப்பட்ட 1870 கணக்கெடுப்பில் போய் முட்டி நிற்கிறார்கள். அதற்கு முன்னால் போக முதலாளியின் உயிலையும் சொத்துப் பட்டியலையும் புரட்ட வேண்டும். மாடு, கலப்பை வரிசையில் தங்கள் பாட்டியின் பெயரைத் தேட வேண்டும். ஐயா சொன்ன அதே பத்திரங்கள் இந்தக் குடும்பங்களுக்கு எவ்வளவு கொடுமையாக இருந்திருக்கின்றன என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது.

பழைய பத்திரம்:

நூலகத்து அம்மா சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். நான் அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

மலர்விழி அம்மா, மூலத்தைப் பார்க்கக் கிளம்பினால் ஒன்றைக் கவனியுங்கள். மொர்தெகாயின் 1736 உயிலை ரெடிங் நீதிமன்றத்தில் தேடாதீர்கள். பெர்க்ஸ் மாவட்டமே 1752இல்தான் பிரிந்தது. அவர் இறந்தபோது அந்த இடம் பிலடெல்பியா மாவட்டம், எனவே உயிலும் பிலடெல்பியா பதிவில்தான். வர்ஜீனியாவிலும் இதே கதை: ராக்கிங்ஹாம் மாவட்டம் உருவானது 1778இல், அதற்கு முந்தைய பத்திரங்களுக்கு அகஸ்டா மாவட்டம். லிங்கனின் பெற்றோர் திருமணப் பதிவுகூட வேறு மாவட்டத்தில் தேடியதால்தான் பல வருஷம் அகப்படாமல் இருந்தது. எல்லாரும் ஹார்டின் மாவட்டத்தில் தேடினார்கள், 1806 ஜூன் 12 திருமணம் வாஷிங்டன் மாவட்டப் பதிவில் இருந்தது. மாவட்டம் எந்த வருஷம் பிரிந்தது என்று ஒரு சின்னப் பட்டியல் போட்டுக்கொண்டு பேத்தியைத் தேடச் சொல்லுங்கள். ஃபேமிலிசெர்ச் தளத்தில் இந்தப் பழைய பதிவுகளில் நிறைய இலவசமாகப் பார்க்கலாம். கையெழுத்து புரியவில்லை என்றால் படம் எடுத்து இங்கே போடுங்கள், சேர்ந்து படிப்போம்.