கலைச்சொல் உதவி: ‘பதக்கட்டுப்பாடு’ சரிவருமா?

நாகர்கோவில், திங்கள் இரவு

நண்பர்களுக்கு வணக்கம். வெள்ளிக்கிழமை கையேடு அச்சகத்துக்குப் போயாக வேண்டும். டிப்ளமோ மூன்றாம் ஆண்டு, உலோகத் தூளை அடுக்கடுக்காக உருக்கிப் பொருள் செய்யும் பாடம். (‘சேர்ப்பு உற்பத்தி’ என்று போன வருடம் மல்லுக்கட்டி முடித்தோம். அதைக் கிளற வேண்டாம்.) ஆரல்வாய்மொழி தாண்டினால் மகேந்திரகிரி, இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் இடம். அங்கே 2024 மே மாதம் 665 நொடி ஓட்டிப் பார்த்த, பிஎஸ்எல்வி ராக்கெட்டின் நான்காம் கட்டத்துக்கான பிஎஸ்4 எஞ்சினில்தான் பாடம் தொடங்குகிறது. 14 பாகங்கள் ஒரே துண்டாயின, 19 பற்றவைப்புகள் இல்லாமலே போயின. இதுவரை தமிழ் தடங்கலில்லாமல் ஓடியது.

அடுத்த பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். லேசர் பட்ட இடத்தில் தூள் உருகிச் சிறு குட்டையாகிறது. சூடு மிஞ்சினால் உலோகம் ஆவியாகி அடியில் குமிழ் சிக்கிக்கொள்ளும். குறைந்தால் தூள் உருகாமல் இடைவெளி விழும். இரண்டுமே வெளியே தெரியாது. குட்டையின் ஒளியை உணரி பார்த்துச் சொல்ல, கணினி அந்தக் கணமே லேசரின் திறனைக் கூட்டிக் குறைக்கிறது. இதை ‘மூடிய கண்ணிச் செயல்முறைக் கட்டுப்பாடு’ என்று எழுதி வகுப்பில் வாசித்தேன். “கண்ணின்னா முயலுக்கு வைக்கிறதா டீச்சர்?” என்றான் ஒருவன். வேறு சொல் தாருங்கள்.

தக்கலை, செவ்வாய் காலை

டீச்சர், சொல் நம் விளையிலேயே கிடக்கிறது. அக்கானி (பதநீர்) காய்ச்சும்போது நுரை பொங்கினால் என் பாட்டி ஆமணக்கு முத்தை நுணுக்கிப் போடுவாள், அடுப்பிலிருந்து ஓலையை இழுப்பாள். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டுவாள். உருண்டால் சிரட்டையில் ஊற்றலாம், இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் தீ. பார்ப்பதும் தீயைத் திருத்துவதும் ஒரே கை. பார்ப்பது பதம். ஆகவே ‘பதக்கட்டுப்பாடு’.

சென்னை, செவ்வாய் மதியம்

அண்ணாச்சி, பதம் வடசொல். நன்னூலில் பதவியல் என்றால் என்ன பொருள்? கட்டுப்பாடு என்றதும் ஊர்க்கட்டுப்பாடுதான் நினைவுக்கு வருகிறது. ‘வினைமுறை ஆளுகை’ என்போம். லேசரையும் ‘சீரொளி’ ஆக்கிவிடலாம்.

தக்கலை, செவ்வாய் இரவு

சொல் என்கிற பதம் வேறு, பக்குவம் என்கிற பதம் வேறு தம்பி. குறளில் ‘தண்பதத்தான் தானே கெடும்’ என்று வருகிறதே, அங்கே சொல்லா கெடுகிறது? நிலை. அந்த நிலையிலிருந்துதான் பதப்படுத்தல், பதமழை எல்லாம். அக்கானிக்குப் பதநீர் என்று பெயர் வந்ததே சுண்ணாம்பு பூசிய கலயத்தில் புளிக்காமல் பதமாக நிற்பதால்தான் என்பது என் கட்சி. பதனீர் என்று றன்னகரம் போடுகிறவர்களோடு எனக்கு முப்பது வருட வழக்கு உண்டு, அது இருக்கட்டும். தொல்காப்பியத்துக்கே குற்றம் கேட்டவர் எங்கள் அதங்கோட்டாசான். தடை சொல்லும் உரிமை சென்னைக்கு மட்டும் எழுதி வைக்கவில்லை.

பெங்களூரு (சொந்த ஊர் மார்த்தாண்டம்), புதன்

எனக்கு இலக்கணம் போதாது, மெஷின் பக்கம்தான் தெரியும். இரண்டு விஷயம். ‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பதுதான் இங்கே செல்லாது. பத்து சென்டிமீட்டர் உயரப் பொருள், அடுக்கு 40 மைக்ரான் என்றால் 2,500 அடுக்கு. 1,800ஆவது அடுக்கில் தூள் சரியாகப் பரவாமல் போயிருந்தால், பக்கத்தில் வைத்துச் செய்த மாதிரித் துண்டை உடைத்துப் பார்த்து என்ன பயன்? அண்ணாச்சியின் பாட்டி ஒரு சொட்டில் முடிவெடுத்தார். நமக்கு ஒவ்வொரு சொட்டையும் பார்க்க வேண்டும்.

அப்புறம், நான் பார்க்கிற மெஷின்களில் பெரும்பாலானவை பார்த்துப் பதிவு செய்வதோடு சரி. நடுவில் எதையும் மாற்றாது. பதிவைப் பார்த்து, பாகத்தை வைப்பதா வீசுவதா என்று முடிவெடுப்பவர் ஆள்தான். அதனால் ‘கண்காணிப்பு’ ஒன்று, அதற்கு மேலே திருத்துவது ஒன்று என்று இரண்டு சொல் வேண்டும். பிள்ளைகள் இந்த இரண்டையும் குழப்பினால் நாளைக்கு விற்பனைக்காரன் ஏமாற்றுவான்.

சென்னை, புதன் இரவு

இது நியாயம். போதாததற்கு ‘மெஷின் பதம் பார்த்துவிட்டது’ என்றால் கை போயிற்று என்று அர்த்தம். ‘உடன்திருத்த ஆளுகை’?

நாகர்கோவில், வியாழன் இரவு

நேரமில்லை. ‘உடன்திருத்தக் கட்டுப்பாடு’ என்று போட்டுவிட்டேன், முதல் வரும் இடத்தில் மட்டும் நீண்ட விளக்கம். மூன்று பேர் சரி என்றீர்கள், ஒருவர் பதிலே போடவில்லை. ஆளுகை வேண்டாம், பிள்ளைகளுக்கு ஆட்சியியல் பாடம் மாதிரி இருக்கிறது. லேசர் லேசராகவே இருக்கட்டும். வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். அதே பையன், “அப்போ மெஷினே பதம் பாத்துக்கும், அப்படித்தானே?” என்கிறான்.

தக்கலை, வெள்ளி காலை

பையன் பெயரைக் கேட்டுச் சொல்லுங்கள். கையேட்டில் ஒன்று எனக்கு எடுத்து வையுங்கள், என் பிரதியில் பேனாவால் திருத்திக்கொள்கிறேன்.