பாலிமர் களிமண் ஒட்டின இடத்துல பொம்மையோட நெஞ்சு பிசுபிசுக்குது, என்ன செய்ய?

கன்னிமுயற்சி:
வணக்கம். 6 அங்குல ஆக்‌ஷன் ஃபிகர் ஒண்ணுக்கு பாலிமர் களிமண்ணுல (ஓவன்ல சுட்டா இறுகுறது) மார்புக்கவசமும் தலைக்கவசமும் செய்யலாம்னு இறங்கினேன். கவசத்தை நேரா நெஞ்சு மேலயே அப்பி, பல்குச்சியால கோடெல்லாம் கீறி முடிச்சேன். ஓவன்ல வைக்கத்தான் தைரியம் வரலை. அப்படியே அலமாரியில பத்து நாள் கிடந்துச்சு. நேத்து உரிச்சுப் பார்த்தா அடியில இருந்த பிளாஸ்டிக் சப்பிப் போட்ட மிட்டாய் மாதிரி ஒட்டுது. என் கட்டைவிரல் ரேகைகூட அதுல பதிஞ்சுடுச்சு.

தலைக்கவசத்தைத் தனியா சுட்டேன். ஓரத்தை லேசா அழுத்தினதுமே பொட்டுன்னு உடைஞ்சுது. களிமண் பழசா, இல்ல பொம்மையோட சேர்த்துத்தான் சுடணுமா?

அவசரக்குடுக்கை:
ஓவனே வேணாம் ப்ரோ. பொம்மையோட சேர்த்துக் கொதிக்கிற தண்ணியில போடுங்க, வேலை முடிஞ்சுது.

மூட்டுவலி:
ஐயோ, அதைச் செஞ்சுடாதீங்க. பொம்மையோட தலையைக் கழட்டணும்னாலே நாங்க வெந்நீர்லதான் முக்குவோம், அந்தச் சூட்டுக்கே பொம்மையோட பிவிசி பிளாஸ்டிக் இளகிடும். கை காலெல்லாம் கோணிக்கும். தண்ணி 100 டிகிரிக்கு மேல போகாது, அதனால களிமண்ணும் முழுசா வேகாது. ரெண்டு பக்கமும் நஷ்டம்.

கன்னிமுயற்சி, பேருதான் களிமண், உள்ள மண்ணே கிடையாது. பிவிசி தூளும் அதை இளக்கி வைக்கிற எண்ணெய் மாதிரி ஒரு திரவமும்தான். வேகாத களிமண்ணை பிளாஸ்டிக் மேல விட்டா அந்தத் திரவம் மெதுவா பிளாஸ்டிக்குக்குள்ள இறங்கி அதையும் இளக்கிடும். உங்க பொம்மையோட நெஞ்சுக்கு ஆனது அதுதான். பாத்திரம் கழுவுற சோப்பால மெதுவா கழுவி, காத்தாட விடுங்க. ரேகை போகாது. எப்படியும் கவசத்துக்கு அடியில மறையுற இடம், விடுங்க.

தலைக்கவசம் உடைஞ்சது வேக்காடு பத்தாததால. எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் வெச்சீங்க?

கன்னிமுயற்சி:
பாக்கெட்ல 130 டிகிரி, 30 நிமிஷம்னு இருந்தது. கருகிடுமோன்னு 110ல பத்து நிமிஷம் வெச்சு எடுத்துட்டேன். 🙈

மூட்டுவலி:
பிடிபட்டுடுச்சு! பாக்கெட் சொல்றபடி செய்யுங்க, பிராண்டுக்கு பிராண்டு மாறும். ஓவன் முள்ளை மட்டும் நம்பாதீங்க. ஓவனுக்குள்ள வைக்கிற சின்ன தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி வைங்க, என் ஓவன் 20 டிகிரி பொய் சொல்லிட்டு இருந்தது. கருகினா வர்ற புகை நல்லதில்லை. அப்படி ஆச்சுன்னா அணைச்சுட்டு ஜன்னலைத் திறந்துடுங்க.

சுடச்சுட எடுத்தா ரப்பர் மாதிரி நெளியும், பயந்துடாதீங்க. ஆறினாத்தான் இறுகும். ஒவ்வொரு தடவையும் அதே களிமண்ணுல மெல்லிசா ஒரு பட்டை சேர்த்து வைங்க. ஆறினதும் அதை வளைச்சுப் பாருங்க. வளைஞ்சா வெந்துடுச்சு, படக்குன்னு முறிஞ்சா திரும்ப ஓவனுக்கு. ஒரு தடவை சுட்டதை மறுபடி சுடலாம், தப்பில்லை.

கவசத்துக்கு: பொம்மையோட உடம்புல அலுமினியத் தாளை ரெண்டு சுத்து இறுக்கமா சுத்துங்க. அது மேல களிமண் வேலை. முடிச்சதும் மொத்தத்தையும் ஃப்ரீசர்ல பத்து நிமிஷம் வைங்க, கொஞ்சம் விறைச்சுக்கும். அப்புறம் ரெண்டு விலாப் பக்கமும் பிளேடால அறுத்து முன் பாதி, பின் பாதியா கழட்டி, அடியில கசக்கின தாளை முட்டுக் கொடுத்துச் சுடுங்க. பொம்மை ஓவன் பக்கமே போகக் கூடாது. ஆறினதும் மாட்டிப் பார்த்து, சரியா இருந்தா ரெண்டு பாதியையும் சூப்பர் க்ளூவால ஒட்டுங்க. கொம்பு, தசை மாதிரி உடம்போட ஒட்டியே நிக்க வேண்டியதுன்னா எபாக்சி புட்டிக்குப் போயிடுங்க, அது ரெண்டு பாகமா வரும், ரெண்டையும் சேர்த்துப் பிசைஞ்சு வெச்சா சூடே இல்லாம இறுகிடும். கையுறை போட்டுக்கோங்க.

சாயக்காரன்:
பெயிண்ட் அடிக்கும்போது அக்ரிலிக் மட்டும். டப்பா ஸ்ப்ரே அடிச்ச என்னோட டிராகன் இன்னும் காயலை, மாசக்கணக்காச்சு.

கன்னிமுயற்சி:
சுட்டாச்சு! பட்டை வளையுது, தலைக்கவசம் கீழ விழுந்தும் உடையலை. கவசமும் கச்சிதமா உக்காந்துடுச்சு. ஆனா இப்ப கையைத் தூக்க முடியலை, தோள்ல இடிக்குது.

மூட்டுவலி:
கையைத் தொங்கவிட்டே அளவெடுத்திருப்பீங்க, எல்லாரும் முதல்ல அதைத்தான் செய்வோம். இப்ப எவ்வளவு முடியுமோ அவ்வளவு தூக்கி, இடிக்கிற இடத்துல பென்சிலால கோடு போடுங்க. கவசத்தைக் கழட்டி அந்தக் கோடு வரைக்கும் உப்புத்தாளால தேய்ங்க, தண்ணி தொட்டுக்கிட்டா தூசி பறக்காது. பெயிண்ட் கனத்துக்கும் இடம் விட்டுத் தேய்ங்க, இல்லேன்னா முதல் தடவை கையைத் தூக்கும்போதே உரிஞ்சுடும்.