ஏற்காட்டில் தோட்டத்து வழித் தகராறு: வழக்கா, சமரசமா?

உறுப்பினர்களுக்கு வணக்கம். ஏற்காடு வட்டத்தில், நாகலூர் அருகே எங்களுக்கு இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம் உள்ளது. தாத்தா காலம் முதல் நாங்கள் பயன்படுத்திவந்த ஜீப் பாதை பக்கத்து நிலத்தின் ஓரமாகச் செல்கிறது. அந்நிலத்தைப் புதிதாக வாங்கியவர் சென்ற மார்கழியில் கம்பி வேலியிட்டு அதை அடைத்துவிட்டார். அறுவடை மூட்டைகளைத் தலைச்சுமையாகவே இறக்கினோம்.

பிறர் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை பற்றிய 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, 20 ஆண்டுகள் இடையூறின்றி, வெளிப்படையாக, உரிமையோடு (அதாவது, யாருடைய அனுமதியின் பேரிலும் அல்லாமல்) பயன்படுத்திய வழியைக் காக்கிறது. ஆனால் தடை ஏற்பட்ட இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். எங்கள் சங்கடம் வேறு. தாத்தா ஆண்டுதோறும் பழைய உரிமையாளருக்கு ஒரு கூடை ஆரஞ்சு கொடுத்துவந்தார். அன்பாகக் கொடுத்ததை, அனுமதிக்கு ஈடாகக் கொடுத்தது என்று எதிர்த்தரப்பு வாதிட்டால் எங்கள் உரிமையே ஆட்டம் கண்டுவிடும்.

உரிமை யாருடையது என்பது தெளிவாகவும், பேரம் பேசும் செலவு சொற்பமாகவும் இருந்தால் இருதரப்பும் தாமே பேசி நல்ல முடிவுக்கு வரலாம் என்பது பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் 1960இல் முன்வைத்த வாதம். இங்கே முதல் நிபந்தனையே நிறைவேறவில்லை. அதனால்தான் பாதையைத் திறந்துவிட வேலியிட்டவர் கேட்கும் தொகைக்கும் நான் தர எண்ணும் தொகைக்கும் மலைக்கும் மடுவுக்குமான இடைவெளி.

சேலம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு அளித்து, வழக்குக்கு முன்பே மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) சமரசமாக இத்தகைய தகராற்றைத் தீர்த்துக்கொண்டவர்கள் இங்கே உள்ளனரா? அத்தீர்வுக்கு மேல்முறையீடு இல்லை என்பதால், பாதையின் அகலத்தையும் பராமரிப்புச் செலவையும் உடன்பாட்டில் எவ்வாறு எழுதினீர்கள்? விலை பேசும்போது எதை அடிப்படையாகக் கொண்டீர்கள்: நிலத்தின் வழிகாட்டி மதிப்பையா, மிச்சமாகும் சுமைகூலியையா? புல வரைபடத்தில் பாதை காட்டப்படாத நிலையில் எந்த ஆவணம் உங்களுக்குக் கைகொடுத்தது?